கிட்டில் மெர்ஜ் செய்வது எப்படி: பேஸையும் சேர்த்துப் பார்த்து இணைக்க ஒரு முழு வழிகாட்டி

மெர்ஜ் என்றதும் இரண்டு பிராஞ்சுகளை, அதாவது தனித்தனியாகப் பிரிந்த வேலைப் பாதைகளை, ஒப்பிட்டு ஒன்றாக்கும் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கோப்புகளில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட் எடுத்துக்கொள்வது மூன்று பிரதிகளை. உங்கள் பிராஞ்சின் கடைசி நிலை ஒன்று, உள்ளே கொண்டுவரப் போகும் பிராஞ்சின் கடைசி நிலை ஒன்று, இரண்டும் எந்த இடத்தில் பிரிந்தனவோ அந்த இடத்தில் இருந்த பழைய நிலை ஒன்று. இந்த மூன்றாவதற்கு மெர்ஜ் பேஸ் என்று பெயர். நிலத் தகராறில் பங்காளிகள் இருவரும் ஆளுக்கொரு பத்திரத்தை நீட்டினால், விவரம் தெரிந்தவர் முதலில் தாய்ப்பத்திரத்தைக் கேட்பார் அல்லவா, அந்த இடத்தில் இருப்பதுதான் பேஸ். கான்ஃபிளிக்ட் (இரண்டு பக்க மாற்றங்களும் மோதும் நிலை) வந்தால் தடுமாறுகிறவர்களில் பெரும்பாலோர் பேஸைப் பார்க்காமலே முடிவெடுக்கிறவர்கள். இந்த வழிகாட்டி முழுக்க அதைச் சுற்றித்தான் போகும்.

கட்டளைகளை ஒலிப்பை வைத்துத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். முக்கிய பிராஞ்சின் பெயர் மெயின் என்று வைத்துக்கொள்கிறேன். பழைய ரெப்போக்களில் (ரெப்போ என்பது திட்டத்தின் கோப்புகளும் வரலாறும் இருக்கும் கிடங்கு) அது மாஸ்டர் என்று இருக்கும்.

ஒரு மண்டியும் இரண்டு பேரும்

ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை கிருஷ்ணகிரியில் மாங்காய்ச் சீசன். காவேரிப்பட்டணம், பர்கூர், சந்தூர், போச்சம்பள்ளிப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து லோடு லோடாக வரும். பெங்களூரா ரகம் பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகும். செந்தூராவும் அல்போன்சாவும் பழமாக விற்கும். இப்படி ஒரு மண்டிக்கு பில் போடும் மென்பொருளை இருவர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இளையவர் காவேரிப்பட்டணத்தில் இருந்து மண்டிக்கு நேரில் போய் வருகிறவர். மூத்தவர் ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டு இரவில் இதைக் கவனிக்கிறவர். இருவரும் ஒரே ரெப்போவில் வேலை செய்கிறார்கள்.

ரெப்போவில் ரகங்களுக்கென்று ஒரு கோப்பு இருக்கிறது. கமிஷன் சதவீதத்தில், கழிவு நூறு கிலோவுக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில். எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டும்:

    அல்போன்சா, கமிஷன் 8, கழிவு 4
    செந்தூரா, கமிஷன் 8, கழிவு 4
    பெங்களூரா, கமிஷன் 8, கழிவு 5
    நீலம், கமிஷன் 8, கழிவு 4

மூத்தவர் ‘கமிஷன்-மாற்றம்’ என்று ஒரு பிராஞ்ச் எடுத்து, பெங்களூராவின் கமிஷனை 7 ஆக்குகிறார். பிராஞ்சின் பெயரைத் தமிழில் வைக்கலாம், கிட்டுக்கு அதில் சிக்கல் இல்லை. அதே வாரம் இளையவர் பெங்களூராவின் கழிவை 3 ஆக்கி, அதை மெயினிலேயே சேர்த்துவிடுகிறார். இப்போது கமிஷன்-மாற்றத்தை மெயினுக்குள் கொண்டுவர வேண்டும்.

மெர்ஜுக்கு முன்: மேசையைத் துடையுங்கள்

முதலில் கிட் ஸ்டேட்டஸ் அடியுங்கள். கமிட் செய்யாத, அதாவது கிட்டின் வரலாற்றில் பதியாத, மாற்றம் ஏதாவது இருந்தால் கமிட் செய்யுங்கள், அல்லது கிட் ஸ்டாஷ் போட்டு ஒதுக்கி வையுங்கள். மெர்ஜ் தொடப்போகும் கோப்பில் கமிட் ஆகாத மாற்றம் இருந்தால் கிட்டே மறுத்துவிடும். வேறு கோப்பில் இருந்தால் விட்டுவிடும், ஆபத்து அங்கேதான். மெர்ஜ் பாதியில் சிக்கி, வேண்டாம் என்று திரும்பும்போது அந்த அரைகுறை மாற்றங்களை அப்படியே மீட்டுத்தர முடியாமல் போகலாம். கிட்டின் கையேடே இதை எச்சரிக்கிறது.

அடுத்து, உங்கள் மெயின் உண்மையிலேயே புதியதா என்று உறுதி செய்யுங்கள்:

    கிட் ஸ்விட்ச் மெயின்
    கிட் புல் --எஃப்எஃப்-ஒன்லி

ஸ்விட்ச் என்ற கட்டளை 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் செக்அவுட். எஃப்எஃப்-ஒன்லி எதற்கு என்றால், புல் என்பது ஃபெட்சும் (சர்வரில் உள்ளதை எடுத்து வருவது) மெர்ஜும் சேர்ந்த ஒரே கட்டளை. உங்கள் மெயினில் சர்வரில் இல்லாத கமிட் ஏதாவது இருந்தால், நீங்கள் கேட்காமலே ஒரு மெர்ஜ் நடந்துவிட வாய்ப்பு உண்டு. இந்த ஆப்ஷன் போட்டால் அது நின்று உங்களிடம் சொல்லும். நான் இதை எல்லோருக்கும் பரிந்துரைப்பேன்.

பேஸைப் பாருங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் இந்தப் படியைத் தாண்டி நேராக மெர்ஜுக்குப் போய்விடுகின்றன. இரண்டே நிமிட வேலை, செய்துவிடுங்கள்.

    கிட் மெர்ஜ்-பேஸ் மெயின் கமிஷன்-மாற்றம்

இது ஒரு கமிட் எண்ணைத் தரும். இரண்டு பிராஞ்சுக்கும் பொதுவான கடைசி மூதாதை அதுதான். அந்தக் கமிட்டின் தேதியைக் கிட் ஷோ போட்டுப் பாருங்கள். நேற்று என்றால் நிம்மதி. சீசன் தொடங்கும் முன் எடுத்த பிராஞ்ச் என்றால், இடையில் மெயினில் நடந்த எல்லாமும் இப்போது ஒரே மூச்சில் மோதப்போகிறது என்று அர்த்தம்.

படமாகப் பார்க்க:

    கிட் லாக் --கிராஃப் --ஒன்லைன் --ஆல்

பிறகு இரண்டு கேள்விகள். அந்தப் பிராஞ்சில் இருக்கிற, மெயினில் இல்லாத கமிட்டுகள் எவை? அதற்கு இரண்டு புள்ளி:

    கிட் லாக் மெயின்..கமிஷன்-மாற்றம்

அந்தப் பிராஞ்ச் பிரிந்ததிலிருந்து என்னென்ன மாற்றியிருக்கிறது? அதற்கு மூன்று புள்ளி:

    கிட் டிஃப் மெயின்...கமிஷன்-மாற்றம்

டிஃபில் இரண்டு புள்ளி போட்டால் இரண்டு பிராஞ்சின் நுனிகளையும் நேருக்கு நேர் ஒப்பிடும். அப்போது இளையவர் மெயினில் செய்த கழிவு மாற்றத்தை மூத்தவர் அழித்துவிட்டதுபோலத் தெரியும். அவர் அதைத் தொட்டதே இல்லை. அவர் பிராஞ்ச் எடுத்தபோது அந்த மாற்றம் இல்லை, அவ்வளவுதான். மூன்று புள்ளி பேஸிலிருந்து ஒப்பிடுகிறது. ‘என் வேலையை ஏன் அழிச்சீங்க’ என்று தொடங்கும் சண்டைகளில் பல இந்த ஒரு புள்ளியில் தீர்ந்துவிடும்.

பேஸ் கையில் இருந்தால் கிட்டின் விதி எளிது. ஓர் இடத்தில் ஒருவர் மட்டும் பேஸிலிருந்து மாற்றியிருந்தால், அவருடைய மாற்றத்தை எடுத்துக்கொள்ளும். இருவரும் ஒரே மாதிரி மாற்றியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். இருவரும் வெவ்வேறாக மாற்றியிருந்தால்தான் உங்களிடம் கேட்கும். ‘வெவ்வேறாக’ என்பதில் பக்கத்து வரிகளும் சேரும். நீங்கள் மூன்றாம் வரியையும் அவர் நான்காம் வரியையும் மாற்றியிருந்தால், இடையில் மாறாத வரி ஒன்றுகூட இல்லாததால் அதுவும் கான்ஃபிளிக்ட்தான்.

இந்த மூதாதையைக் கண்டுபிடிக்கும் வேலை எப்போதும் இப்படி இலவசமாகக் கிடைத்ததில்லை. கிட்டுக்கு முந்தைய கருவியான சப்வெர்ஷனில் 2008 ஜூனில் 1.5 பதிப்பு வரும்வரை, எதுவரை மெர்ஜ் ஆகியிருக்கிறது என்பதை மனிதர்களே ரிவிஷன் எண்ணாகக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. லினக்ஸின் மையநிரலான கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல் 3 அன்று கிட்டை எழுதத் தொடங்கினார். அதே மாதம் 18-ஆம் தேதி பல பிராஞ்சுகளைச் சேர்த்த முதல் மெர்ஜ் அதில் நடந்துவிட்டது. லினக்ஸ் கெர்னலில் மெர்ஜ் அன்றாட வேலை என்பதால் அதை எளிதாக்குவது முதல் நாளிலிருந்தே அதன் நோக்கமாக இருந்தது. மெர்ஜ் கமிட் ஒவ்வொன்றும் தன் பெற்றோர் கமிட்டுகள் எவை என்று தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்கிறது. அதனால்தான் பேஸ் எது என்று கிட்டால் எப்போதும் சொல்ல முடிகிறது.

ஒரே ஒரு செட்டிங்

மெர்ஜ் கட்டளைக்குப் போகும் முன் இதைச் செய்துவிடுங்கள்:

    கிட் கான்ஃபிக் --குளோபல் மெர்ஜ்.கான்ஃபிளிக்ட்ஸ்டைல் இசட்டிஃப்3

இது 2022 ஜனவரியில் வந்த 2.35 பதிப்பிலிருந்து உண்டு. அதைவிடப் பழைய கிட் என்றால் இசட் இல்லாமல் டிஃப்3 என்று கொடுங்கள். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று அடுத்துத் தெரியும்.

மெர்ஜ்

    கிட் ஸ்விட்ச் மெயின்
    கிட் மெர்ஜ் --நோ-எஃப்எஃப் கமிஷன்-மாற்றம்

எந்தப் பிராஞ்சுக்குள் வர வேண்டுமோ அதில் நின்றுகொண்டு, எதைக் கொண்டுவர வேண்டுமோ அதன் பெயரைச் சொல்ல வேண்டும். புதிதாகக் கற்கிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வது சகஜம்.

நோ-எஃப்எஃப் என்பது ஃபாஸ்ட் ஃபார்வர்டு வேண்டாம் என்பது. பிராஞ்ச் பிரிந்த பிறகு மெயினில் ஒரு கமிட்டும் வரவில்லை என்றால் இணைக்க ஒன்றுமே இல்லை. மெயினின் சுட்டியை முன்னால் நகர்த்தினால் போதும். கிட் தானாகவே அப்படிச் செய்யும், மெர்ஜ் கமிட் உருவாகாது. ஒரு வரித் திருத்தத்துக்கு அது சரி. ஐந்தாறு கமிட் கொண்ட ஒரு வசதியைச் சேர்க்கும்போது மெர்ஜ் கமிட் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. நாளைக்கு அந்த வசதி முழுவதையும் எடுக்க வேண்டி வந்தால் ஒரே கமிட்டை ரிவர்ட் செய்தால் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஆர்வம் உள்ளவர்களுக்கு: 2021 நவம்பரில் வந்த 2.34 பதிப்பிலிருந்து ஓஆர்டி என்ற முறைதான் இயல்பாக ஓடுகிறது. அதற்கு முன் ரிகர்சிவ். புதியது வேகமானது, பெயர் மாறிய கோப்புகளைக் கையாள்வதிலும் தேறியது. நீங்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

கான்ஃபிளிக்ட்

நம் எடுத்துக்காட்டில் மெர்ஜ் நின்றுவிடும். கிட் ஸ்டேட்டஸ் போட்டால், இருவரும் மாற்றிய கோப்பு என்று ரகங்கள் கோப்பைக் காட்டும். அந்த செட்டிங் இல்லாமல் கோப்பைத் திறந்தால் இப்படி இருக்கும்:

    <<<<<<< ஹெட்
    பெங்களூரா, கமிஷன் 8, கழிவு 3
    =======
    பெங்களூரா, கமிஷன் 7, கழிவு 5
    >>>>>>> கமிஷன்-மாற்றம்

மேலே உள்ளது நீங்கள் நிற்கும் மெயின், கீழே உள்ளது உள்ளே வருவது. இதை மட்டும் பார்த்து யாராவது சரியான விடையைச் சொல்ல முடியுமா? 8, 3 என்கிறார் ஒருவர். 7, 5 என்கிறார் இன்னொருவர். எடிட்டரில் இரண்டு பொத்தான் இருக்கிறது, மேலே உள்ளதை வை அல்லது கீழே உள்ளதை வை. எதை அழுத்தினாலும் தப்பு.

செட்டிங் போட்ட பிறகு அதே இடம்:

    <<<<<<< ஹெட்
    பெங்களூரா, கமிஷன் 8, கழிவு 3
    ||||||| பேஸ் கமிட் எண்
    பெங்களூரா, கமிஷன் 8, கழிவு 5
    =======
    பெங்களூரா, கமிஷன் 7, கழிவு 5
    >>>>>>> கமிஷன்-மாற்றம்

நடுவில் பேஸ் வந்துவிட்டது. இப்போது பேஸிலிருந்து மேலே ஒரு முறை, பேஸிலிருந்து கீழே ஒரு முறை ஒப்பிடுங்கள். மேலே உள்ளவர் கழிவை மட்டும் 5-லிருந்து 3 ஆக்கினார். கீழே உள்ளவர் கமிஷனை மட்டும் 8-லிருந்து 7 ஆக்கினார். இருவரும் ஒருவரை ஒருவர் மறுக்கவில்லை. வர வேண்டிய வரி:

    பெங்களூரா, கமிஷன் 7, கழிவு 3

இரண்டு பக்கத்திலும் இல்லாத வரி இது. பேஸ் இல்லாமல் ஊகித்தால்தான் உண்டு.

இருவரும் உண்மையிலேயே ஒரே எண்ணை வேறு வேறாக மாற்றியிருந்தால் பேஸும் தீர்ப்புச் சொல்லாது. அப்போது போனை எடுங்கள்.

“அண்ணா, பெங்களூரா கமிஷன ஏழாக்கினது சீசன் முழுக்கவா, இல்ல ஆலைக்குப் போற லோடுக்கு மட்டுமா?”

“ஆலை லோடுக்கு மட்டும்தான் தம்பி. பழ மண்டிக்கு எட்டே இருக்கட்டும்.”

கோப்பில் ஒரே ஒரு எண்தான் மோதியது. பேசியதும் அது இரண்டு வரியாக வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. எந்தக் கருவியும் இதைச் சொல்லித்தராது. போன் செய்யும் முன் அவர் என்ன நினைத்து மாற்றினார் என்பதைப் படித்துவிட்டுப் பேசினால் பேச்சு சுருக்கமாக முடியும்:

    கிட் லாக் --மெர்ஜ் -பி

மோதும் கோப்புகளைத் தொட்ட கமிட்டுகளை மட்டும், இரண்டு பக்கத்திலிருந்தும், மாற்றங்களோடு இது காட்டும். கமிட் செய்தியில் காரணத்தை எழுதி வைப்பவர்கள் அருமை இங்கேதான் தெரிகிறது.

குறிகளுக்குள் திருத்தித் திருத்தி எது யாருடையது என்று குழம்பிவிட்டால், அந்தக் கோப்பை மட்டும் மோதல் நிலைக்குத் திரும்பக் கொண்டுவரலாம்: கிட் செக்அவுட் --கான்ஃபிளிக்ட்=டிஃப்3 என்று அடித்து, கோப்பின் பெயரைக் கொடுங்கள். நீங்கள் அதில் செய்த திருத்தம் போய்விடும், கவனம். மூன்று பிரதிகளையும் தனித்தனியாக முழுசாகப் பார்க்க வேண்டும் என்றால் கிட் ஷோ :1: என்று போட்டு இடைவெளி விடாமல் கோப்பின் பெயர். 1 பேஸ், 2 உங்களுடையது, 3 வருவது.

திருத்தி முடித்ததும்:

    கிட் டிஃப் --செக்
    கிட் ஆட் ரகங்கள்
    கிட் மெர்ஜ் --கன்டினியூ

டிஃப் செக், அழிக்க மறந்த கான்ஃபிளிக்ட் குறிகளைக் காட்டிக்கொடுக்கும். ஆட் செய்யும் முன் அதை ஓட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எந்த நேரத்திலும் ‘இது இப்போது வேண்டாம்’ என்று தோன்றினால் கிட் மெர்ஜ் --அபோர்ட். மெர்ஜுக்கு முந்தைய நிலைக்குத் திரும்பிவிடும். இரவு பன்னிரண்டு மணிக்கு இருபது கோப்பில் மோதல் வந்தால் அபோர்ட் அடித்துவிட்டுத் தூங்கப் போவது நல்ல முடிவு.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும் மோதல்

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே வரும் ஒரு சிக்கல் இது. குறிகளுக்கு மேலேயும் கீழேயும் ‘மொத்தம்’ என்றே இருக்கும். ஒரு எழுத்துகூட வித்தியாசம் தெரியாது. ஆனாலும் மோதல் என்கிறது கிட்.

யூனிகோடில் ‘மொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே எழுத்தாக வைக்கலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு எழுத்தாக அடுத்தடுத்தும் வைக்கலாம். ஓகாரம், ஔகாரத்துக்கும் இப்படியே. திரையில் இரண்டும் ஒன்றுதான். கிட் பார்ப்பது பைட்டுகளை, அதனால் அதற்கு இரண்டும் வேறு வேறு. வெவ்வேறு கீபோர்டு, பழைய எழுத்துருவிலிருந்து மாற்றித்தரும் கருவி, எங்கிருந்தோ காப்பி எடுத்து ஒட்டுவது என்று ஒரே ரெப்போவுக்குள் இரண்டும் வந்து சேர்ந்துவிடும். இதில் பில் கணக்கும் மாட்டும்: ‘தோதாபுரி’ (பெங்களூராவின் இன்னொரு பெயர்) என்று தேடினால் பாதி வரிகள்தான் வரும். கோப்புகளை ஒருமுறை முழுசாக என்எஃப்சி வடிவத்துக்கு (இந்தக் குறிகளை ஒரே எழுத்தாக வைக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றி, அந்த மாற்றத்தை மட்டும் தனிக் கமிட்டாக மெயினில் போட்டுவிடுங்கள். இனி சேமிக்கும்போதெல்லாம் அதே வடிவம் என்று குழுவில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

வரி முடிவும் இதே போலக் கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் விண்டோஸ், ஒருவர் லினக்ஸ் என்றால் கோப்பு முழுவதுமே மாறியதுபோலக் காட்டலாம். ரெப்போவில் டாட் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பு வைத்து, அதில் நட்சத்திரக் குறிக்குப் பக்கத்தில் டெக்ஸ்ட்=ஆட்டோ என்று எழுதுங்கள்.

கோப்பின் பெயரே தமிழில் இருந்தால் ஸ்டேட்டஸில் சாய்கோடும் எண்களுமாக வரும். கோப்பு கெட்டுப்போகவில்லை. கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.குவோட்பாத் ஃபால்ஸ் என்று கொடுத்தால் தமிழிலேயே காட்டும்.

அழித்ததும் மாற்றியதும்

ஒருவர் கோப்பை அழித்திருப்பார், இன்னொருவர் அதே கோப்பில் மாற்றம் செய்திருப்பார். அவசரப்பட்டு அழித்ததை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பெயர் மாறியிருக்கலாம். பேஸில் இருந்த கோப்போடு உள்ளடக்கம் பாதிக்குப் பாதியாவது ஒத்திருந்தால்தான் கிட் அதைப் பெயர் மாற்றம் என்று புரிந்துகொள்ளும். பெயரையும் மாற்றி உள்ளேயும் முக்கால்வாசி திருத்தி எழுதினால் பழையது அழிந்தது, புதியது பிறந்தது என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் பெயர் மாற்றத்தை மட்டும் முதலில் மெயினில் சேர்த்து, எல்லோரும் அதைத் தங்கள் பிராஞ்சுக்குள் எடுத்துக்கொண்ட பிறகு உள்ளே கை வையுங்கள்.

படம், லோகோ போன்றவற்றை வரி வரியாக இணைக்க முடியாது. கிட் செக்அவுட் --அவர்ஸ் அல்லது --தெயர்ஸ் என்று போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆட் செய்யுங்கள்.

இந்த அவர்ஸ் என்ற சொல் இன்னும் இரண்டு இடத்தில் வரும். பெரிய எக்ஸ் எழுத்தோடு வரும் -எக்ஸ் அவர்ஸ், மோதும் இடங்களில் மட்டும் உங்கள் பக்கத்தை எடுக்கும். மோதாத மாற்றங்கள் அங்கிருந்து வந்து சேரும். சின்ன எஸ் எழுத்தோடு வரும் -எஸ் அவர்ஸ், எதிர்ப்பக்க மாற்றம் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு ‘மெர்ஜ் ஆகிவிட்டது’ என்று மட்டும் பதிவு செய்யும். ஒரு எழுத்து மாறினால் ஒரு மாத வேலை காணாமல் போகும். என்ன செய்கிறோம் என்று தெளிவாகத் தெரியாமல் இரண்டாவதைத் தொடவே வேண்டாம்.

மோதலே வராத தப்பு

கான்ஃபிளிக்ட் வந்தால் குறைந்தது கிட் நிறுத்திச் சொல்கிறது. இங்கே அதுவும் இல்லை, அதனால் இதைத்தான் அதிகம் கவனிக்கச் சொல்வேன்.

நம் மென்பொருளில் லோடின் எடையைத் தரும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, கிலோவில் தருகிறது. கூழ் ஆலைக்காரர்கள் டன் கணக்கில் விலை பேசுவதால் மூத்தவர் அதை டன்னில் தரும்படி மாற்றுகிறார். அதைப் பயன்படுத்தும் எல்லா இடத்தையும் தேடிப் பொறுப்பாகத் திருத்தியும் விடுகிறார். அதே நேரம் இளையவர் தன் பிராஞ்சில், வேறொரு கோப்பில், இறக்குக் கூலி என்று புதிய வரி ஒன்றைப் பில்லில் சேர்க்கிறார். கிலோவுக்கு 50 பைசா. எடைக்கு அதே ஃபங்ஷனைக் கூப்பிடுகிறார்.

இருவரும் தொட்ட கோப்புகள் வேறு. பேஸோடு ஒப்பிட்டால் ஒவ்வோர் இடத்திலும் ஒருவர்தான் மாற்றியிருக்கிறார். மெர்ஜ் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடிந்துவிடும். 5 டன் லோடுக்கு 2,500 ரூபாயாக வர வேண்டிய இறக்குக் கூலி 2 ரூபாய் 50 பைசா என்று அச்சாகும். இரண்டு பிராஞ்சையும் தனித்தனியாகச் சோதித்தால் இரண்டிலும் கணக்கு சரி. சேர்ந்த பிறகுதான் தப்பு, அந்தத் தப்பு விழுவதோ கூலிக்காரர் தலையில்.

கிட் இணைப்பது வரிகளை. அவற்றின் அர்த்தம் அதற்குத் தெரியாது. அதனால் மெர்ஜ் ஆனவுடன் புஷ் செய்யாமல் (சர்வருக்கு அனுப்பாமல்), முடிவைக் கமிட் ஆக்கும் முன் சோதிக்க இப்படிச் செய்யலாம்:

    கிட் மெர்ஜ் --நோ-எஃப்எஃப் --நோ-கமிட் கமிஷன்-மாற்றம்

நோ-எஃப்எஃப் சேர்க்காமல் நோ-கமிட் மட்டும் போட்டால் ஃபாஸ்ட் ஃபார்வர்டு நடக்கும்போது அது நிற்காது, அதனால் இரண்டும் வேண்டும். இந்த நிலையில் டெஸ்டுகளை ஓட்டுங்கள். டெஸ்ட் எழுதாத திட்டம் என்றால் ஒரு லோடுக்காவது பில் போட்டுக் கையால் கணக்குப் பாருங்கள். ஒரு ஃபங்ஷனின் அலகோ பெயரோ அர்த்தமோ மாறியிருந்தால், கிட் கிரெப் போட்டு, இணைந்த பிரதியில் அதைக் கூப்பிடும் இடங்கள் அத்தனையையும் மறுபடி பாருங்கள். மூத்தவர் தன் பிராஞ்சில் தேடியபோது இறக்குக் கூலி வரி அங்கே இல்லவே இல்லை. மெர்ஜுக்குப் பிறகு தேடினால்தான் கண்ணில் படும். அலகு மாறும்போது பழைய ஃபங்ஷனின் பெயரையும் சேர்த்து மாற்றிவிடுவது இன்னும் உறுதி: பழைய பெயரைக் கூப்பிடும் வரி உடனே உடைந்து நிற்கும், தப்பான பில் வெளியே போகாது.

அடுத்தவர் செய்த மெர்ஜைச் சரிபார்க்க வேண்டியிருந்தால் கிட் ஷோ --ரீமெர்ஜ்-டிஃப் என்று அந்த மெர்ஜ் கமிட்டைப் பாருங்கள். கிட் அந்த மெர்ஜை மறுபடி தானே செய்து பார்த்து, மனிதக் கை எங்கெல்லாம் பட்டிருக்கிறது என்பதை மட்டும் காட்டும்.

ஸ்குவாஷ், ரீபேஸ்

ஸ்குவாஷ் மெர்ஜ் பிராஞ்சின் எல்லா மாற்றத்தையும் ஒரே சாதாரணக் கமிட்டாக ஆக்கிவிடும். வரலாறு சுத்தமாக இருக்கும். ஆனால் அந்தக் கமிட்டுக்குப் பிராஞ்சோடு உறவு இல்லை, பேஸ் நகராது. அதே பிராஞ்சில் வேலையைத் தொடர்ந்து அடுத்த வாரம் மறுபடி மெர்ஜ் செய்தால், பழைய பேஸிலிருந்து ஒப்பிட்டு, தீர்த்த மோதலையே திரும்பக் கேட்கும். ஸ்குவாஷ் செய்தால் அந்தப் பிராஞ்சை அன்றே மூடுங்கள், புதியது எடுங்கள்.

ரீபேஸ் உங்கள் கமிட்டுகளை மெயினின் நுனியில் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதுகிறது. உங்களிடம் மட்டும் இருக்கும் பிராஞ்சுக்கு நல்லது. இன்னொருவர் எடுத்து வேலை செய்துகொண்டிருக்கும் பிராஞ்சைச் சொல்லாமல் ரீபேஸ் செய்யாதீர்கள். அப்புறம், ரீபேஸில் அவர்ஸ், தெயர்ஸ் இடம் மாறும்: மெயின்தான் அவர்ஸ், உங்கள் கமிட் தெயர்ஸ்.

நீண்ட நாள் ஓடும் பிராஞ்ச் என்றால், வாரம் இரண்டு முறையாவது மெயினை அதற்குள் மெர்ஜ் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பேஸ் முன்னால் வந்துவிடும், கடைசி நாள் மோதல் சின்னதாகும். ஒரே மோதல் திரும்பத் திரும்ப வந்தால் கிட் கான்ஃபிக் --குளோபல் ரெரெரெ.எனேபிள்டு ட்ரூ. நீங்கள் ஒருமுறை தீர்த்ததை நினைவில் வைத்து, அதே மோதல் வந்தால் தானே அப்படித் தீர்க்கும்.

மெர்ஜைத் திரும்பப் பெறுவது

புஷ் செய்யவில்லை என்றால் எளிது:

    கிட் ரீசெட் --மெர்ஜ் ஓரிக்_ஹெட்

கடைசிச் சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் அடியுங்கள். மெர்ஜுக்கு முன் மெயின் எங்கே இருந்தது என்று கிட் அந்தப் பெயரில் குறித்து வைத்திருக்கும். இடையில் வேறு ரீசெட்டோ ரீபேஸோ செய்திருந்தால் அந்தக் குறிப்பு மாறியிருக்கும். அப்போது கிட் ரெஃப்லாக்கில் (பிராஞ்ச் முன்பு எங்கெல்லாம் இருந்தது என்ற பதிவு) தேடி எடுங்கள்.

புஷ் ஆகிவிட்டது, மண்டியில் ஓடத் தொடங்கிவிட்டது என்றால் வரலாற்றை அழிக்காதீர்கள், ரிவர்ட் செய்யுங்கள்:

    கிட் ரிவர்ட் -எம் 1 மெர்ஜ்-கமிட்-எண்

மெர்ஜ் கமிட்டுக்கு இரண்டு பெற்றோர். 1 என்றால் முதல் பெற்றோர், அதாவது மெயின் பக்கம் அப்படியே இருக்கட்டும், வந்து சேர்ந்ததை நீக்கு என்று பொருள்.

இதற்குப் பிறகு ஒரு பொறி இருக்கிறது. மூத்தவர் பிராஞ்சில் தப்பைத் திருத்தி மறுபடி மெர்ஜ் செய்கிறார். திருத்தம் மட்டும் வருகிறது, முதலில் செய்த வேலை எதுவும் வரவில்லை. கிட் கெட்டுவிட்டது என்று தோன்றும். பேஸைப் பாருங்கள், காரணம் அங்கே இருக்கிறது. முதல் மெர்ஜ் வரலாற்றில் இருப்பதால், பேஸ் இப்போது பிராஞ்சின் அந்தப் பழைய நுனி. அதற்கு முந்தைய கமிட்டுகள் ஏற்கெனவே வந்துவிட்டவை. பேஸில் அந்த வேலை இருக்கிறது, பிராஞ்சிலும் இருக்கிறது, மெயினில் மட்டும் ரிவர்ட்டால் நீக்கப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மாற்றியிருந்தால் அந்த மாற்றமே நிற்கும் என்ற விதிப்படி, நீக்கம்தான் ஜெயிக்கும். எனவே முதலில் அந்த ரிவர்ட் கமிட்டையே ரிவர்ட் செய்யுங்கள், பிறகு மெர்ஜ் செய்யுங்கள். எல்லாம் திரும்பி வரும்.

முடித்துவிட்டு

மெயினைப் புஷ் செய்து, மண்டியில் ஒரு நாள் பில் சரியாக ஓடிய பிறகு பிராஞ்சை நீக்கலாம்:

    கிட் பிராஞ்ச் -டி கமிஷன்-மாற்றம்
    கிட் புஷ் ஆரிஜின் --டெலீட் கமிஷன்-மாற்றம்

சின்ன டி போட்டால், மெர்ஜ் ஆகாத பிராஞ்சை நீக்க மறுக்கும். ஸ்குவாஷ் செய்த பிராஞ்சையும் மெர்ஜ் ஆகவில்லை என்றே சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் மாற்றங்கள் மெயினில் இருக்கின்றனவா என்று டிஃப் போட்டு உறுதி செய்த பிறகே பெரிய டி பயன்படுத்துங்கள். சர்வரில் பிராஞ்ச் போன பிறகும் மற்றவர் கணினியில் அதன் நிழல் இருக்கும். அவர் கிட் ஃபெட்ச் --ப்ரூன் அடித்தால் போய்விடும்.